வாசனை உப்பு

நாள் முழுவதும் நின்று வேலை செய்தால் கால் கனக்கும். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைப்பது பழைய வழக்கம். கடைகளில் அதே உப்பை வாசனை சேர்த்துக் 'குளியல் உப்பு' என்று விற்கிறார்கள். விலைதான் அதிகம். வீட்டிலேயே செய்து கொள்ளலாம்.

வாசனைக்கு இஞ்சிப்புல் தைலம் நல்லது. எலுமிச்சம்பழ மணம் வீசும். கேரளத்தில் இடுக்கி, வயநாடு மலைகளில் இந்தப் புல் வளர்கிறது. புல்லை அறுத்து, பெரிய அண்டாவில் போட்டு ஆவி ஏற்றுவார்கள். ஆவி குளிர்ந்தால் தண்ணீரும் தைலமும் சேர்ந்து வரும். மேலே மிதக்கும் தைலத்தைப் பிரித்து எடுப்பார்கள். கொச்சித் துறைமுகம் வழியாக வெளிநாடு போனதால் 'கொச்சி எண்ணெய்' என்றும் பெயர் வந்தது.

இந்தத் தைலம் தோலில் நேராகப் பட்டால் எரியும். தண்ணீரிலும் கரையாது. ஆகவே ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயில் 5 சொட்டு மட்டும் விட வேண்டும். அதை ஒரு டம்ளர் கல் உப்பில் பிசற வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூட வேண்டும். திறந்து கிடந்தால் மழைக்காலத்தில் உப்பு நீர்த்துவிடும்.

அரை வாளி வெதுவெதுப்பான நீருக்கு ஒரு கைப்பிடி போதும். 15 நிமிடம் காலை வைக்கலாம். பிறகு விரல் இடுக்கிலும் நன்றாகத் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பசை வழுக்கும். களைப்புக் குறையும்; நோய் எதுவும் தீராது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது. அவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் கால் வெந்தது தெரியும். அந்தப் புண் எளிதில் ஆறாது. புண் முற்றிக் காலையே எடுக்க வேண்டி வந்தவர்களும் உண்டு.