கண் திறந்தால் போதுமா?

பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர். உலோகத்தில் செய்த ஓர் உருண்டையையும், பகடை போன்ற சதுரக் கட்டை ஒன்றையும் கையில் கொடுத்தால், எது எது என்று தடவிப் பார்த்துச் சரியாகச் சொல்லிவிடுவார். திடீரென்று அவருக்குப் பார்வை வந்துவிடுகிறது. இரண்டையும் மேசைமீது வைத்து, “தொடாமல், கண்ணால் பார்த்து மட்டும் சொல்லுங்கள். எது உருண்டை?” என்று கேட்டால் அவரால் சொல்ல முடியுமா?

“ஏன் முடியாது? அதுதான் கண் தெரிகிறதே!” என்றுதான் நம்மில் பலரும் சொல்வோம்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் வாழ்ந்த வில்லியம் மாலிநூ என்ற அறிஞர், 1688-ல் இக்கேள்வியைத் தத்துவ ஞானி ஜான் லாக்குக்குக் கடிதமாக எழுதினார். மாலிநூவின் மனைவி பார்வை இழந்தவர். ஆகவே இது பொழுதுபோகாமல் எழுந்த கேள்வியாக இராது. “முடியாது” என்பதே இருவருடைய கருத்தும். ஆனால் அதற்குச் சான்று? அது கிடைக்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கிடைத்த இடம் லண்டனோ பாரிஸோ அல்ல, நம் டில்லி!

லண்டனில் ஓரளவு தெரிந்திருந்தது என்னவோ உண்மை. செஸெல்டன் என்ற அறுவை மருத்துவர், கண்புரையால் பார்வை இழந்திருந்த ஒரு சிறுவனுக்குச் சிகிச்சை செய்து, 1728-ல் அதைப் பற்றி எழுதினார். பையனுக்குப் பார்வை வந்தும், வீட்டுப் பூனை எது, நாய் எது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் கேட்கவும் வெட்கம். ஒருநாள் பூனையைப் பிடித்துத் தடவி, கை அடையாளம் கண்டுகொண்டதும் அதன் முகத்தை உற்றுப் பார்த்து, இனிமேல் உன்னை மறக்கமாட்டேன் என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு இறக்கி விட்டானாம்!

தரியாகஞ்சில் கிடைத்த விடை

டில்லிவாசிகளுக்குத் தரியாகஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2019 வரை ஞாயிறுதோறும் அங்கே நடைபாதையில் கூடிய பழைய புத்தகச் சந்தையில் பேரம் பேசாத தமிழர் அபூர்வம். அங்குள்ள ஷ்ராஃப் கண் மருத்துவமனையின் துணையோடு நடந்ததுதான் ‘பிரகாஷ் திட்டம்’. தொடங்கியவர் பவன் சின்ஹா. டில்லி ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருப்பவர். 2002-ல் டில்லி வந்தபோது, கண்ணில் புரை படர்ந்த குழந்தைகளோடு சாலையில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஒரு தாயைப் பார்த்தார். அந்தக் காட்சிதான் திட்டத்துக்கு வித்து.

குழந்தைகளுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை. அதன்பின், அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்ற ஆராய்ச்சி. 2011-ல் வெளியான முடிவில் எட்டு முதல் பதினேழு வயது வரையான ஐந்து பேர் இடம்பெற்றனர். சிகிச்சை முடிந்த 48 மணி நேரத்துக்குள் சோதனை. பிள்ளைகள் விளையாடும் அடுக்குக் கட்டைகளைப் போன்ற உருவங்கள் இருபது ஜோடி. ஒன்றைத் தொட்டுவிட்டு, தொட்டே மறுபடி கண்டுபிடிக்கச் சொன்னபோது 98 சதவீதம் சரி. கண்ணால் பார்த்துவிட்டுக் கண்ணாலேயே கண்டுபிடிப்பதில் 92 சதவீதம். ஆனால் கையால் தொட்டதைக் கண்ணால் கண்டுபிடிக்கச் சொன்னபோது 58 சதவீதம்தான்! காசைச் சுண்டிப் போட்டுப் பதில் சொன்னாலே 50 வந்துவிடும்.

மாலிநூவும் லாக்கும் சொன்னதே சரி. ஆனால் மறுபடி சோதித்தபோது, சில நாட்களிலேயே பிள்ளைகள் வெகுவாகத் தேறியிருந்தார்கள். யாரும் தனியாகப் பாடம் நடத்தவில்லை. கைக்கும் கண்ணுக்கும் மூளையே பாலம் போட்டுக்கொண்டது.

அசைவுதான் ஆசான்

விழித்திரையில் விழுவது வெறும் ஒளியும் நிறமும்தான். இது மேசை, அது மேசைமீதுள்ள செம்பு என்று பிரிப்பது மூளையின் வேலை. புதிதாகப் பார்வை பெற்றவர்களிடம் ஒன்றன்மேல் ஒன்று படிந்த வட்டத்தையும் சதுரத்தையும் காட்டினால், இரண்டு என்று சொல்லாமல் மூன்று துண்டுகள் என்பார்கள். ஒரு பொருள்மேல் நிழல் விழுந்தால் அந்த நிழல் தனிப்பொருளாகிவிடும். ஆனால் படத்தில் உள்ள சதுரம் அசைந்தால் போதும். சேர்ந்து நகர்வதெல்லாம் ஒரே பொருள் என்று உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் எல்லாமே பழக்கம்தானா? அதுவும் இல்லை. தண்டவாளம் போல் குறுகிச் செல்லும் இரு கோடுகளுக்கு நடுவே, ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகளைக் குறுக்கே வரைந்தால், மேலே உள்ளது நீளமாகத் தெரியும். கண் திறந்த கையோடு இந்தப் பிள்ளைகளும் நம்மைப் போலவே இதில் ஏமாந்தார்கள் என்று 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது.

இன்னொரு விந்தை 2024-ல் வெளியாயிற்று. வண்ணப் படத்தில் பொருளை அடையாளம் காணும் இப்பிள்ளைகள், அதையே கறுப்பு வெள்ளையில் காட்டினால் தடுமாறுகிறார்கள். பச்சைக் குழந்தையின் கண்ணுக்கு முதலில் நிறங்கள் சரியாகத் தெரியாது. ஆகவே மூளை முதலில் ஒளியையும் நிழலையும் கொண்டு பழகிக்கொள்கிறது. இவர்களுக்கோ முதல் நாளிலேயே முழு வண்ணம். கறுப்பு வெள்ளைச் சினிமாவை நாம் சிரமமின்றி ரசித்ததற்குத் தொட்டிலில் பெற்ற பயிற்சியும் ஒரு காரணம் போலும்!

காலம் கடந்ததா?

ஹியூபெல், வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடி வைத்தார்கள். சில மாதம் கழித்துத் திறந்தபோது, மூளை அந்தக் கண்ணைப் பொருட்படுத்தவே இல்லை. 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆராய்ச்சி அருமையானதுதான். ஆனால் அதிலிருந்து, ஏழெட்டு வயது தாண்டிய குழந்தைக்குச் சிகிச்சை செய்து பயனில்லை என்ற எண்ணமும் மருத்துவர்களிடையே வேரூன்றிவிட்டது. அந்த எண்ணத்தால் இருட்டிலேயே நின்றுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ!

பிரகாஷ் குழுவினர் சந்தித்த ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதில்தான் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இருபது ஆண்டு கழித்துச் சோதித்தபோது, கூர்மை குறைவாக இருந்தாலும், பொருள்களையும் முகங்களையும் அவரால் அடையாளம் காண முடிந்தது. தாமதமானால் கூர்மை முழுவதும் திரும்புவதில்லை. ஆனால் பார்வையே பயனற்றுப் போவதில்லை.

கர்ப்ப காலத்தில் தாயைத் தாக்கும் ரூபெல்லா அம்மை, பிறவிப் புரைக்கு ஒரு காரணம். தட்டம்மையோடு சேர்த்து இதற்கும் தடுப்பூசி போடும் இயக்கம் நம் நாட்டில் 2017-ல் தொடங்கியது. குழந்தைக்கு உரிய காலத்தில் அதைப் போட்டுவிடுங்கள். கைக்குழந்தையின் கண்மணியில் வெள்ளையாக ஏதும் தெரிந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டுங்கள். புரையைவிடக் கடுமையான நோயாகவும் இருக்கலாம். பத்து வயதான பிள்ளையைப் பார்த்து, இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஒருவர் கைவிரித்தால், இன்னொரு டாக்டரையும் கேட்டுவிடுங்கள்.