அருணகிரிநாதரும் அடிமைப்பழக்க மீட்பும்

அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் வாழ்ந்தவர். திருப்புகழ், கந்தரலங்காரம், கந்தரனுபூதி ஆகியவற்றைப் பாடியவர். இளமையில் சிற்றின்பத்துக்கு அடிமையாகிச் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்து, மனம் வெறுத்து அண்ணாமலையார் கோயில் கோபுரத்திலிருந்து விழுந்தபோது முருகன் தாங்கிக் காத்தார் என்பது மரபுக்கதை. வல்லாள கோபுரம் அருகிலுள்ள கோபுரத்து இளையனார் சன்னதி இதனோடு தொடர்புடையது.

கதைப்படி, மீட்பு அந்தக் கணத்தோடு முடியவில்லை. அவர் மௌனமாகத் தவமிருந்தார்; பிறகு தலந்தோறும் சென்று பாடினார். அவற்றுள் 1,300க்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைத்துள்ளன.

1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பின் 12 படிகளும் இதே போக்கில் அமைந்தவை: தன் இயலாமையை ஒப்புக்கொள்ளுதல், தன்னிலும் மேலான ஆற்றலிடம் ஒப்படைத்தல், அன்றாடப் பயிற்சி, பிறருக்கு உதவுதல். எனினும், நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். ஆகவே நம்பிக்கையோடு மருத்துவரின் கண்காணிப்பும் தேவை.