புழுவும் சிறகும்

மாரி பிறந்தால் எம்மூர் முருங்கைகளில் மயிர்க்கொட்டிகள் திரளாக மொய்த்திருப்பதைக் காணாதார் இலர். இலை தின்று ஊரும் அப்புழுவே கூட்டுப்புழுவாகிப் பின்னர் அந்துப்பூச்சியாகப் பறக்கின்றது. புழுவின் கலங்களில் இருந்த பரம்பரையலகுகளே பூச்சியின் கலங்களிலும் உள்ளன. அவை ஒன்றாயிருக்க வடிவம் வேறாவது எங்ஙனம்?

இலக்கணம் பயின்றார்க்கு இஃது எளிதில் விளங்கும். நன்னூலிற் புணர்ச்சி விதிகள் எப்பொழுதும் உள்ளன. எனினும் நிலைமொழியும் வருமொழியும் கூடுமிடத்திலேயே உரிய விதி தொழிற்படும். அவ்வாறே பரம்பரையலகுகள் எல்லாக் கலங்களிலும் இருப்பினும், ஓமோன் வந்து கூடியபோதே அவற்றுட் சில தொழிற்படுகின்றன.

இங்கே தலையாய ஓமோன்கள் இரண்டு. முன்மார்புச் சுரப்பியினின்று தோன்றும் எக்டைசோன் தோலுரிக்க ஏவுவது. மூளையை அடுத்த சிறு சுரப்பிகள் தரும் இளமை ஓமோன், தோலுரித்த பின்னும் புழுவைப் புழுவாகவே வைப்பது. இளமை ஓமோன் குறைந்த காலத்து எக்டைசோன் மிகுமாயின் புழு கூட்டுப்புழுவாகும்.

ஜேர்மனியிற் பூட்டனாண்டும் கார்ல்சனும் 1954 இல் 500 கிலோகிராம் பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசோனையே பிரித்தெடுத்தனர். 1960 இற் கிளெவரும் கார்ல்சனும் கொசுவை ஒத்த சிற்றீ ஒன்றின் குடம்பியில் அதனைச் செலுத்தினர். உடனே உமிழ்நீர்ச் சுரப்பியின் நிறமூர்த்தங்களிற் சில இடங்கள் வீங்கின. அவ்வீக்கம் பரம்பரையலகு தொழிற்படுவதன் அடையாளம். எக்டைசோனைப் பற்றும் புரதத்தின் பரம்பரையலகு 1991 இற் பழ ஈயிற் கண்டறியப்பட்டது. ஓமோனோடு கூடிய அப்புரதம் நிறமூர்த்தத்திற் படிந்து சில பரம்பரையலகுகளை எழுப்பும். அவை வேறு பலவற்றை எழுப்பித் தாம் அடங்கும்.

இதனால் நமக்கு ஆவதென்? 1968 இல் இங்கிலாந்தில் வேப்பம் விதையிலிருந்து அசாடிராக்டின் பிரிக்கப்பட்டது. அது புழுவின் ஓமோன் சுரப்பைக் குலைப்பதால், புழு செவ்வனே தோலுரிக்கமாட்டாது மடிகின்றது. தானியத்தினிடையே வேப்பிலை இட்ட நம் முன்னோர் ஓமோனை அறியார். வேம்பின் ஆற்றலை அறிந்திருந்தனர். மனிதர் எக்டைசோனாற் வளர்வதில்லை. ஆதலின், அதன் வழியைத் தாக்கும் மருந்துகள் பொது நஞ்சுகளினும் நமக்குத் தீங்கு குறைந்தவையாதல் கூடும்.

எனினும் கடலோரத்தார் ஒன்றை மறத்தலாகாது. நண்டும் இறாலும் இவ்வகை ஓமோனாலேயே ஓடு கழற்றுகின்றன. தொல்காப்பியர் நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிரென ஒருங்கு வைத்தார். இன்றைய அறிவியலும் அவற்றைக் கணுக்காலிகளென ஒருங்கு வைக்கின்றது. தோட்டத்திற் தெளிக்கும் மருந்து மாரி வெள்ளத்தோடு கடல் சேருமாயின், புழுவுக்கு நேர்வது நண்டுக்கும் நேரலாம். ஆதலின், அத்தகைய மருந்தையும் அளவறிந்து, மழை நோக்கி ஆளுதலே அறிவுடைமை.