சீனாவில் ஒரு புதுக் குடித்தனம்

பாடம் சொல்லப் போனவர் பாடம் கேட்கிறார்!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது நம் நாட்டுப் பழமொழி. சீனாவுக்கு ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டால், "சீனாவில் ஜாகை பிடித்துப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்ப்பார்கள்!

இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளிலிருந்து ஆங்கிலம் கற்பிப்பதற்காகப் பலர் சீனா போகிறார்கள். சம்பளம் உண்டு. மரியாதையும் உண்டு. ஆனால், வகுப்பு முடிந்து மாலையில் திரும்புவதற்கு ஒரு வீடு வேண்டுமே! அங்கேதான் கதை தொடங்குகிறது.

கனடா நாட்டு இளம் ஆசிரியை ஒருவர் போகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவருக்கு வேலை கிடைத்த ஊர் சாங்ஷா. ஹூனான் மாகாணத்தின் தலைநகர் அது. செப்டம்பர் முதல் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. ஆகஸ்டுக் கடைசியில், கொளுத்தும் வெயிலில், இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்குகிறார்.

பிடி ஒன்று, கொடு மூன்று

சில பள்ளிகள் ஆசிரியர்களுக்கு வளாகத்துக்குள்ளேயே குடியிருப்புக் கொடுத்துவிடும். வேறு சில பள்ளிகள், "வாடகைக்குப் பணம் தருகிறோம், நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடும். நம் ஆசிரியைக்கு வாய்த்தது இரண்டாவது வகை.

தரகர் வருகிறார். நாலைந்து வீடுகளைக் காட்டுகிறார். ஒன்று பிடித்துப் போகிறது. பிறகு கணக்குச் சொல்கிறார். ஒரு மாத வாடகை முன்பணம். அதோடு மூன்று மாத வாடகையை மொத்தமாகக் கொடுக்க வேண்டும். "பிடி ஒன்று, கொடு மூன்று" என்று இதற்குச் சீன மொழியில் பெயரே இருக்கிறது! தரகுப் பணம் தனி. முதல் சம்பளம் கைக்கு வருமுன்பே, சேர்த்து வைத்த பணம் கரைந்துவிடுகிறது.

சீனாவில் தரைத் தளத்தையே முதல் மாடி என்று எண்ணுகிறார்கள். ஆகவே ஆறாவது மாடி என்றால் ஐந்து மாடி ஏறினால் போதும். ஆனால், பழைய கட்டடங்கள் பலவற்றில் லிப்ட் கிடையாது. பெட்டிகளைத் தூக்கிக் கொண்டு படி ஏறும்போதுதான் கனடாவிலிருந்து கொண்டு வந்த புத்தகங்களின் கனம் தெரியும்!

புதுக் கட்டடங்களில் வேறு ஒரு வேடிக்கை உண்டு. சில இடங்களில் மூன்றாவது மாடிக்கு அடுத்தது ஐந்தாவது மாடி. நாலைக் காணோம்! சீன மொழியில் நாலு என்ற சொல்லும் சாவு என்ற சொல்லும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும். அதனால் அந்த எண்ணைக் கண்டாலே பலருக்கு ஆகாது.

இருபத்து நாலு மணி நேரம்

சாவி கைக்கு வந்துவிட்டது. இனி நிம்மதியாகத் தூங்கலாமா? கூடாது!

வெளிநாட்டார் ஓட்டலில் தங்கினால், ஓட்டல்காரர்களே போலீசுக்குத் தகவல் கொடுத்துவிடுவார்கள். சொந்தமாக ஜாகை பிடித்தால், 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதியில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2013 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் சட்டம் இது. தவறினால் 2,000 யுவான் வரை அபராதம் போடலாம். இப்போது பல நகரங்களில் கைபேசி வழியாகவே பதிவு செய்ய வசதி வந்திருக்கிறது. ஆனாலும், பாஸ்போர்ட், வாடகைப் பத்திரம், வீட்டுக்காரரின் விவரங்கள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

இந்தச் சீட்டில் அப்படி என்ன இருக்கிறது? எல்லாமே அதில்தான் இருக்கிறது! வேலைக்கான விசாவில் வந்தவர் 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு மனுச் செய்ய வேண்டும். அந்த மனுவுக்கு இந்தப் பதிவுச் சீட்டு அவசியம். சீட்டு இல்லை என்றால் அனுமதி இல்லை. அனுமதி இல்லை என்றால் வேலையும் இல்லை. வீட்டுக்காரர் கொஞ்சம் தயங்கினாலும், "நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம்" என்று சொன்னாலும், வந்தவரின் நெஞ்சு படபடக்கும். வீடு மாறினால் மறுபடியும் பதிவு செய்ய வேண்டும்.

அடுப்பங்கரை

சீட்டு கிடைத்துவிட்டது. இப்போது வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம்.

அடுப்பங்கரையில் இரண்டு பர்னர் வைத்த காஸ் அடுப்பு. அதற்கு மேலே புகைபோக்கி. ரொட்டி சுடும் அடுப்பு கிடையாது. சீனச் சமையலில் வதக்குவதும், ஆவியில் வேக வைப்பதும்தான் அதிகம். கனடாவில் வாரா வாரம் ரொட்டி சுட்டவர், கடையில் சின்னதாக ஒரு மின்சார அடுப்பு வாங்கிக் கொள்ள வேண்டியதுதான்.

குழாய்த் தண்ணீரை யாரும் அப்படியே குடிப்பதில்லை. காய்ச்சிக் குடிக்கிறார்கள், அல்லது பெரிய பெரிய புட்டிகளில் வாங்குகிறார்கள். கோடை காலத்திலும் வெந்நீர்தான்! தலைவலியா, வெந்நீர் குடி. வயிற்று வலியா, வெந்நீர் குடி. ஐஸ் தண்ணீர் கேட்டால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

துணி துவைக்க யந்திரம் உண்டு. உலர்த்துவதற்குப் பெரும்பாலும் பால்கனிக் கொடிதான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. கனடாக்காரிக்குக் கொடியில் துணி காயப் போடுவதும் ஒரு புதுப் பாடம்!

பண்டிதையும் தற்குறியும்

ஒரு நாள் மாலை வீடு திரும்பினால், கட்டடத்து வாசலில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. முழுவதும் சீன எழுத்து. என்ன சமாசாரமோ! மறுநாள் காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. பழுது பார்ப்பதற்காகத் தண்ணீரை நிறுத்துகிறோம் என்பதுதான் அந்த அறிவிப்பு. மற்றவர்கள் எல்லாரும் முதல் நாள் இரவே வாளியில் பிடித்து வைத்துக் கொண்டார்கள்.

இன்னொரு நாள் ராத்திரி திடீரென்று விளக்கு அணைந்துவிடுகிறது. பக்கத்து வீடுகளில் எல்லாம் வெளிச்சம். பல வீடுகளில் மின்சாரத்துக்கு முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும். கட்டிய பணம் தீர்ந்தால் விளக்கும் போயிற்று!

பகலெல்லாம் வகுப்பில் நாற்பது ஐம்பது பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தரும் பண்டிதை. வீட்டு வாசலுக்கு வந்தால் ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாத தற்குறி! சீனா போன ஆசிரியர்கள் பலர் இந்த நிலையை அனுபவித்திருக்கிறார்கள். முதல் ஒன்றிரண்டு மாதங்களில் பெட்டியைக் கட்டி விடலாமா என்ற எண்ணம் எழுவதும் இப்படிப்பட்ட இரவுகளில்தான்.

அந்த நேரத்தில் கை கொடுப்பவர் யார்? பெரும்பாலும் எதிர் வீட்டு அம்மாள்தான். நடுத்தர வயதுப் பெண்மணிகளைச் சீனர்கள் "ஆயி" என்று அழைக்கிறார்கள். சித்தி, அத்தை என்று நாம் சொல்லுவது போல. நம் காதுக்கும் பழகின ஒலி அல்லவா? ஆசிரியரை அவர்கள் "லாவ்ஷி" என்பார்கள். மதிப்பான சொல் அது. "லாவ்ஷி இருட்டில் நிற்கிறாரே" என்று ஆயி கதவைத் திறந்து வருவார். மீட்டரைக் காட்டுவார். பணம் கட்டும் வழியையும் சைகையிலேயே சொல்லிக் கொடுப்பார்.

தூரத்து உறவைவிடப் பக்கத்து வீடு மேல் என்ற கருத்தில் சீன மொழியிலும் ஒரு பழமொழி உண்டு.

குளிர்தேசத்துப் பெண்ணுக்குக் குளிர்!

குளிர்காலம் வருகிறது. கனடாவில் பிறந்து வளர்ந்தவருக்குக் குளிர் ஒரு பொருட்டா என்று கேட்பீர்கள். அங்கேதான் ஏமாந்து போகிறார்!

சின்லிங் மலையையும் ஹுவாய் ஆற்றையும் இணைத்து ஒரு கோடு கிழித்துக் கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு வடக்கே உள்ள நகரங்களில் வீடுகளுக்குப் பொதுவான வெப்ப வசதி உண்டு. பீஜிங்கில் வழக்கமாக நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை, குழாய்களில் வெந்நீர் ஓடி அறைகளைக் கதகதப்பாக வைக்கும். 1950-களில் வகுத்த ஏற்பாடு இது. கோட்டுக்குத் தெற்கே பொதுவாக இந்த வசதி கிடையாது. சாங்ஷா இருப்பது தெற்கே!

கனடாவில் வெளியேதான் குளிர், வீட்டுக்குள்ளே கதகதப்பு. சாங்ஷாவிலோ வெளியே இருக்கும் ஈரக் குளிர் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்து கொள்கிறது. பிள்ளைகள் வகுப்பில் கோட்டுப் போட்டபடியே பாடம் எழுதுகிறார்கள். வீட்டில் ஏர்கண்டிஷனரைச் சூடாக வைக்கலாம். மின்சாரக் கம்பளி வாங்கலாம். எது வாங்க வேண்டும், எந்தக் கடையில் மலிவு என்பதெல்லாம் ஆயிக்குத்தான் தெரியும்.

குளிர் முடியும் தறுவாயில் வசந்த விழா. அதுதான் சீனப் புத்தாண்டு. வாசலுக்கு வாசல் சிவப்புக் காகிதத்தில் "பூ" என்ற எழுத்தை ஒட்டுகிறார்கள். மங்கலம் என்று பொருள். பலர் அதைத் தலைகீழாக ஒட்டுவார்கள். தவறல்ல! தலைகீழ் என்பதற்கும் வந்து சேர்ந்தது என்பதற்கும் சீன மொழியில் ஒரே ஒலி. மங்கலம் வந்து சேர்ந்தது என்று அர்த்தம். ஆகஸ்டில் ஒரு சீட்டையும் படிக்கத் தெரியாமல் விழித்தவர், இந்த ஓர் எழுத்தையாவது படித்து, தன் கதவிலும் தலைகீழாக ஒட்டிக் கொள்கிறார்.

போகாமல் இருந்தவர்

ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். பலர் ஊர் திரும்பிவிடுகிறார்கள். சிலர் தங்கிவிடுகிறார்கள். அப்படித் தங்கியவர்களில் பெயர் பெற்றவர் இசபெல் குரூக்.

கனடா நாட்டுப் பாதிரித் தம்பதிகளின் மகளாக, 1915-ல் சீனாவின் செங்டு நகரில் பிறந்தவர் அவர். கணவர் டேவிட் குரூக் ஆங்கிலேயர். 1948-ல் இருவரும் ஆங்கில ஆசிரியர்களாகச் சேர்ந்தார்கள். அவர்கள் சேர்ந்த பள்ளிதான் பின்னால் பீஜிங் அந்நிய மொழிப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

கலாசாரப் புரட்சியில் அவர்களுக்குச் சோதனை வந்தது. 1967-ல் டேவிட் கைதானார். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். இசபெலையும் பல்கலைக்கழக வளாகத்திலேயே காவலில் வைத்தார்கள். 1973-ல் டேவிட் விடுதலையானார். இருவரும் பெட்டியைக் கட்டிக் கொண்டு கப்பல் ஏறினார்களா? இல்லை. மறுபடியும் பாடம் சொல்லப் போனார்கள்!

டேவிட் 2000-ல் காலமானார். இசபெலுக்கு 2019-ல் சீன அரசு நட்புறவுப் பதக்கம் வழங்கியது. 2023 ஆகஸ்டில், 107-வது வயதில், பீஜிங்கிலேயே அவர் கண்ணை மூடினார்.

தரகர் சாவியைக் கொடுப்பார். போலீசார் சீட்டைக் கொடுப்பார்கள். வந்தவர் ஒரு வருஷம் இருந்தாலும் சரி, ஆயுள் முழுவதும் இருந்தாலும் சரி, அந்த ஜாகையைச் சொந்த வீடாக்குவது எதிர் வீட்டு ஆயி கதவைத் தட்டும் சத்தம்தான்!