வானில் எழும் அபயக்குரல்

1982 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24 ஆம் நாள் இரவு, பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் போயிங் 747 விமானம் ஒன்று நம் சுபாங் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டு, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. அதில் பயணிகளும் பணியாளர்களுமாக 263 பேர் இருந்தனர். ஜாவாத் தீவுக்குத் தெற்கே, 37,000 அடி உயரத்தில், அதன் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. முதலில் நின்றது நான்காம் இயந்திரம். சில நிமிடங்களுக்குள் மற்ற மூன்றும் ஓய்ந்தன. கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பல் மேகத்திற்குள் விமானம் புகுந்துவிட்டது என்பதை அப்போது எவரும் அறிந்திருக்கவில்லை. சாம்பல் உலர்ந்த பொருளாதலால், ஈரத்தைக் கண்டறியும் வானிலை ரேடாரில் அது தென்படவில்லை.

துணை விமானி வானொலியில் ஜகார்த்தா கட்டுப்பாட்டு நிலையத்தை அழைத்தார். அபாயச் சொல்லை முறைப்படி கூறி, நான்கு இயந்திரங்களையும் இழந்துவிட்டோம் என்றும், 37,000 அடியிலிருந்து இறங்குகிறோம் என்றும் அறிவித்தார். செய்தி தெளிவானது; சொற்களோ மிகச் சில. ஆயினும், நான்காம் இயந்திரம் ஒன்று மட்டுமே பழுதாயிற்று என்றே ஜகார்த்தாவில் புரிந்துகொண்டனர். ஓர் இயந்திரம் நின்றால் போயிங் 747க்கு அது பெரும் ஆபத்தன்று. நான்கும் நிற்பது அதுவரை கேள்விப்படாத ஒன்று. கேட்பவரின் மனம் நடக்கக்கூடியதையே தேர்ந்தெடுத்துக்கொண்டது. அருகில் பறந்துகொண்டிருந்த கருடா விமானத்தின் விமானி இந்தப் பிழையைக் கவனித்து, செய்தியை மீண்டும் எடுத்துரைத்த பின்னரே கட்டுப்பாட்டு நிலையத்திற்கு நிலைமை விளங்கியது.

மொழி பயிற்றுவோர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். 'நான்கு இயந்திரங்கள்', 'நான்காம் இயந்திரம்' ஆகிய இரண்டிற்கும் நடுவே நம் மொழியில் உள்ள வேறுபாடு, எண்ணுப்பெயரோடு சேரும் ஒரு விகுதியும் ஒரு பன்மை ஈறுமே. ஆங்கிலத்திலும் இடைவெளி அவ்வளவுதான். வகுப்பறையில் இவ்வேறுபாட்டைத் தவறவிடும் மாணவருக்கு ஒரு மதிப்பெண் குறையும். இரைச்சல் மிகுந்த வானொலியிலோ அது ஜகார்த்தாவிலிருந்து வர வேண்டிய உதவியின் தன்மையையே மாற்றிவிடுகிறது.

அந்த விமானம் ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில் சாம்பலை விட்டு வெளியே வந்தபோது இயந்திரங்கள் மீண்டும் உயிர்பெற்றன. முதலில் உயிர்பெற்றதும் அந்த நான்காம் இயந்திரமே என்பது ஒரு விந்தை. முன்கண்ணாடி சாம்பலால் தேய்ந்து வெளிப்புறம் தெரியாத நிலையிலும், தலைமை விமானி எரிக் மூடியும் அவருடைய குழுவினரும் விமானத்தை ஜகார்த்தாவின் ஹலிம் நிலையத்தில் பத்திரமாக இறக்கினர். ஒருவரும் உயிரிழக்கவில்லை.

துணை விமானி கூறிய அந்த அபாயச் சொல் 'மேடே'. மே மாதத்திற்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. கம்பியில்லாத் தந்தியில் மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி எனத் தட்டப்பட்ட 'எஸ்ஓஎஸ்' குறியீட்டைக் கடலோடிகள் 1906 ஆம் ஆண்டின் பெர்லின் உடன்படிக்கைக்குப் பிறகு பயன்படுத்தி வந்தனர். தட்டுவதற்கு அது எளிது; பேசுவதற்கு ஏற்றதன்று. அக்காலத்துத் தொலைபேசிக் கருவிகளில் 'எஸ்' என்னும் எழுத்தின் ஒலி பிற ஒலிகளோடு எளிதில் கலந்துவிடும். எனவே, வாயால் சொல்லத்தக்க ஒரு சொல் தேவைப்பட்டது. 1920களின் தொடக்கத்தில் லண்டன் அருகே குரோய்டன் விமான நிலையத்தில் வானொலி அதிகாரியாக இருந்த ஃபிரடெரிக் ஸ்டான்லி மோக்ஃபோர்ட் அதனை உருவாக்கியதாகக் கூறுவர். குரோய்டனுக்கும் பாரிஸின் லெ பூர்ஜே நிலையத்திற்கும் இடையேதான் அப்போது போக்குவரத்து மிகுதி. 'எனக்கு உதவுங்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியை அவர் எடுத்துக்கொண்டார். கால்வாயின் இரு கரையிலும் இருப்போர்க்கு அது விளங்கும் என்பதே காரணம். 1927 ஆம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு வானொலி மாநாடு அதனை உலகப் பொதுச் சொல்லாக ஏற்றுக்கொண்டது.

அச்சொல்லை மும்முறை சொல்ல வேண்டும் என்பது விதி. இதற்குப் பல காரணங்கள் உள்ளன. விமானி ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டால் முதல் அசை காற்றோடு போய்விடும். இரண்டாவது சொல் இரைச்சலில் மறையலாம். மூன்றாவதாவது சென்று சேரும். மேலும், ஒருவர் மற்றொரு விமானத்தின் அபாய அழைப்பைப் பற்றிப் பேசும்போது அச்சொல்லை ஒருமுறை கூறக்கூடும். மும்முறை அடுக்கி வந்தால், பேசுபவரே ஆபத்தில் இருக்கிறார் என்பது உறுதி. விரைவுப் பொருளில் ஒரு சொல் அடுக்கி வருமாயின் அதற்கு எல்லை மூன்று என்று தொல்காப்பியம் எச்சவியலில் வரையறுத்திருப்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர். இவ்விரு விதிகளுக்கும் இடையே வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும், அச்சமுற்ற மனிதன் ஒரு சொல்லை எத்தனை முறை கூவுவான் என்பதை இருவேறு காலத்தினர் ஒன்றுபோலவே கண்டிருக்கின்றனர்.

அபாயச் சொல்லைத் தொடர்ந்து வருவனவற்றிற்கும் வரிசை உண்டு. யாரை அழைக்கிறோம், அழைக்கும் விமானத்தின் அழைப்புப் பெயர் யாது, நேர்ந்தது என்ன, செய்யப்போவது என்ன, இப்போது இருக்கும் இடமும் உயரமும் திசையும் எவை என்று செய்தி செல்லும். அதன்பின் நேரம் இருந்தால் விமானத்திலுள்ளோர் எத்தனை பேர், எரிபொருள் எவ்வளவு நேரத்திற்கு வரும் என்பனவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். தமிழ் வாக்கியத்தில் வினை இறுதியில் நிற்கும்; ஆதலால் கடைசிச் சொல் வரும்வரை கேட்பவர் காத்திருக்கிறார். வானொலிச் செய்தி அவ்வாறு காத்திருக்கச் செய்வதில்லை. பேச்சு எந்த இடத்தில் அறுந்துபோனாலும், அதுவரை சொன்னது பயன்பட வேண்டும் என்னும் நோக்கில் அது அமைக்கப்பட்டுள்ளது.

நெருக்கடியில் எல்லோரும் இந்த வரிசையை அப்படியே பின்பற்றுவதில்லை. 2009 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் நாள் நியூயார்க்கில் பறவைகள் மோதி இரு இயந்திரங்களும் செயலிழந்த யுஎஸ் ஏர்வேஸ் 1549 ஆம் விமானத்தின் தலைமை விமானி, தம் விமான எண்ணையே 1539 என்று மாற்றிச் சொன்னார். ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 உயிர்களையும் காத்தவர் அவர். எண்ணில் நேர்ந்த தவற்றை எவரும் குறையாகக் கருதியதில்லை. விமானத்தைச் செலுத்துவது முதற்கடமை, வழியைத் தேர்வது இரண்டாவது, பேசுவது மூன்றாவது என்றே விமானிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. ஆகவே, ஆபத்து வேளையில் விமானி மௌனமாக இருந்தால் அவர் செயலற்றுவிட்டார் என்று கொள்ளலாகாது. அவருடைய கைகளுக்கு அதைவிட முதன்மையான வேலை இருக்கலாம்.

பேச இயலாத நிலைக்கும் ஏற்பாடு உண்டு. விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவியில் நான்கு இலக்கங்களைப் பதித்தால் அது ரேடார் திரையில் தோன்றும். 7700 என்பது அபாய நிலை. 7600 என்பது வானொலித் தொடர்பு அற்றுப்போன நிலை. 7500 என்பது விமானம் கடத்தப்பட்ட நிலை. ஜாவா வானில் தவித்த அந்தக் குழுவினரும் 7700ஐப் பதித்திருந்தனர். ஆயினும் ஜகார்த்தாவின் திரையில் அவர்கள் தென்படவில்லை. கருவி கைவிட்ட இடத்தில், அருகில் பறந்த ஒரு மனிதரின் செவியே உதவியது.

ஒரே அலைவரிசையில் இருவர் ஒரு நேரத்தில் பேசினால் இருவர் பேச்சும் கெட்டு, கீச்சென்னும் ஒலியே மிஞ்சும். 1977 மார்ச் 27 ஆம் நாள் டெனரீஃப் தீவில் இரு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்ட விபத்தில், இவ்வாறு மேற்படிந்த இரண்டு செய்திகளும் ஒரு காரணம். இதனால்தான் அபாய அழைப்பு எழுந்தவுடன் மற்ற விமானங்கள் அனைத்தும் பேச்சை நிறுத்த வேண்டும் எனக் கட்டுப்பாட்டு நிலையம் ஆணையிட முடியும். அபாயத்திற்கென்றே 121.5 மெகாஹெர்ட்ஸ் என்னும் தனி அலைவரிசையும் ஒதுக்கப்பட்டுள்ளது.

எல்லா இன்னலும் 'மேடே' ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, ஆனால் நிலைமை அவசரமானது எனில் 'பான் பான்' என்னும் அழைப்பு உண்டு. பழுது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. 2010 நவம்பர் 4 ஆம் நாள் சாங்கியிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் 32 ஆம் விமானத்தின் இரண்டாம் இயந்திரம் பாத்தாம் தீவுக்கு மேலே வெடித்துச் சிதறியது. அதில் 469 பேர் இருந்தனர். விமானிகள் விடுத்த அழைப்பு 'பான்' என்பதே. எஞ்சிய மூன்று இயந்திரங்களைக் கொண்டு வானில் வட்டமிட்டு, சேதத்தை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, ஒன்றரை மணி நேரத்திற்கும் மேலான பின்னர் சாங்கியிலேயே அனைவரையும் நலமாக இறக்கினர். தக்க சொல்லைத் தேர்வதற்கும் அமைதியான மதிப்பீடு வேண்டும் என்பதற்கு இந்நிகழ்ச்சி நல்ல எடுத்துக்காட்டு.

தக்க சொல் கடைசிவரை சொல்லப்படாமல் போன ஒரு நிகழ்ச்சியும் உண்டு. என் நோக்கில், இவ்வுரைக்குப் பொருத்தமான பாடம் அதுவே.

1990 ஆம் ஆண்டு ஜனவரி 25 ஆம் நாள், கொலம்பியா நாட்டின் அவியங்கா நிறுவனத்தைச் சேர்ந்த 52 ஆம் விமானம் பொகோட்டாவிலிருந்து மெடெயின் வழியாக நியூயார்க்கின் கென்னடி நிலையத்தை நோக்கி வந்தது. அன்று அங்கு மூடுபனி, காற்றும் மோசம். விமானம் வழியில் மூன்று இடங்களில் வட்டமிடப் பணிக்கப்பட்டு, மொத்தம் ஒரு மணி 17 நிமிடம் காத்திருந்தது. எரிபொருள் கரைந்துகொண்டே இருந்தது. தலைமை விமானிக்கு ஆங்கிலப் புலமை குறைவு; ஆகவே துணை விமானியே வானொலியில் பேசினார். தங்களுக்கு முன்னுரிமை தேவை என்று நினைப்பதாக அவர் கூறினார். இன்னும் எத்தனை நேரம் காத்திருக்க முடியும் என்று கேட்டதற்கு, ஏறத்தாழ ஐந்து நிமிடம் என்றார். மாற்று நிலையமான பாஸ்டனுக்கு இனிச் செல்ல இயலாது, எரிபொருள் தீர்ந்து வருகிறது என்றும் சொன்னார். விமானம் ஒரு கட்டுப்பாட்டாளரிடமிருந்து அடுத்தவரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, ஐந்து நிமிடச் செய்தி மட்டுமே உடன் சென்றது. பாஸ்டனைப் பற்றிய செய்தி பின்தங்கிவிட்டது.

முதன்முறை தரையிறங்கும் முயற்சி தவறியது. தலைமை விமானி, தாங்கள் எமர்ஜென்சியில் இருப்பதாகக் கட்டுப்பாட்டாளரிடம் சொல்லுமாறு துணை விமானியைப் பணித்தார். துணை விமானியோ, கொடுக்கப்பட்ட திசையைத் திருப்பிச் சொல்லி, மீண்டும் முயல்வதாகக் கூறி, எரிபொருள் தீர்ந்து வருகிறது என்பதை அந்த வாக்கியத்தின் வாலாகச் சேர்த்தார். சொல்லிவிட்டாயா என்று தலைமை விமானி கேட்டபோது, ஏற்கெனவே அறிவித்துவிட்டேன் ஐயா என்றார். அவர் பொய் சொல்லவில்லை, சொல்லிவிட்டதாகவே நம்பினார். பின்னர், வடகிழக்கே 15 மைல் கொண்டுசென்று திருப்புகிறேன், உங்கள் எரிபொருளுக்கு அது சரிதானே என்று கட்டுப்பாட்டாளர் வினவியபோதும், சரி என்றே நினைக்கிறேன், மிக்க நன்றி என்று மறுமொழி சென்றது. சில நிமிடங்களில் நான்கு இயந்திரங்களும் அணைந்தன. லாங் ஐலண்டின் கோவ் நெக் பகுதியில் விமானம் வீழ்ந்தது. 158 பேரில் 73 பேர் மாண்டனர். எரிவதற்கு எரிபொருள் இல்லாமையால் அங்குத் தீ மூளவில்லை.

'பிரையாரிட்டி' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வரிசையில் முந்திச் செல்லுதல் என்பதே கட்டுப்பாட்டாளர் கொண்ட பொருள். அதன் ஸ்பானிய இணைச்சொல்லாகிய 'பிரியோரிதாத்' அதைவிட வலிய பொருளில் விமானிகளிடையே வழங்கியது. வேர் ஒன்று, வடிவம் ஏறத்தாழ ஒன்று, வலிமை மட்டும் வேறு. இரு மொழிகளில் ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்களே மொழிபெயர்ப்பாளரை மிகுதியும் ஏமாற்றும்; மலாயும் தமிழும் ஆங்கிலமும் நாள்தோறும் உரசிக்கொள்ளும் நம் நாட்டில் இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. 'எரிபொருள் தீர்ந்து வருகிறது' என்பதும் நெரிசல் மிகுந்த நாள்களில் பலர் சொல்லும் வாடிக்கைத் தொடராகவே கட்டுப்பாட்டாளர் செவிக்குப் பட்டது. மேலும், 'நினைக்கிறேன்', 'நன்றி' ஆகிய பணிவுச் சொற்கள் ஆபத்தைப் போர்த்தி மறைத்தன. இளையவர் மூத்தவரிடமும் அதிகாரியிடமும் குரலைத் தாழ்த்தியே பேச வேண்டும் என்று வளர்ந்தவர்களுக்கு அந்தத் துணை விமானியின் நிலை புரியாமல் இராது. அவரைக் குறைகூறுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அபாயநிலையை அறிவிக்கத் தவறியதை விமானக் குழுவின் குறையாகச் சுட்டியது. அதனோடு, எரிபொருள் குறைவைத் தெரிவிப்பதற்கு இருதரப்பினர்க்கும் விளங்கும் பொதுச் சொல் இல்லாமையையும் துணைக்காரணமாகக் குறித்தது. இப்பின்னணியில் பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ, 2003 ஆம் ஆண்டு மொழித்திறன் விதிகளை வகுத்து, 2008 மார்ச் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பன்னாட்டு விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் ஆறு நிலை கொண்ட அளவுகோலில் நான்காம் நிலையையேனும் எட்ட வேண்டும். உச்சரிப்பும் சொல்வளமும் மட்டுமன்றி, விளங்காதபோது மீண்டும் கேட்டுத் தெளியும் திறனும் அதில் சோதிக்கப்படுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் தம் வேகத்தையும் வட்டார வழக்கையும் அடக்கிப் பேசக் கற்க வேண்டும் என்பது இதன் நியாயமான பகுதி.

சொற்களும் வரையறுக்கப்பட்டன. 2012 முதல், இனி ஏதேனும் தாமதம் நேர்ந்தால் இறுதிச் சேமிப்பு எரிபொருளைத் தொட வேண்டிவரும் என்னும் நிலையில் விமானி சொல்ல வேண்டியது 'மினிமம் ஃபியூயல்'. அது எச்சரிக்கை மட்டுமே, முன்னுரிமை தராது. தரையிறங்கும்போது அந்த இறுதிச் சேமிப்பும் குறைந்துபோகும் எனக் கணக்கு காட்டினால், மும்முறை 'மேடே' கூறி 'ஃபியூயல்' என முடிக்க வேண்டும். ஜெட் விமானத்திற்கு இறுதிச் சேமிப்பு என்பது 30 நிமிடம் வானில் காத்திருக்கப் போதிய அளவு. கேட்ட கட்டுப்பாட்டாளர் மற்றவர்களை ஒதுக்கி, ஓடுபாதையை ஒழித்துக் கொடுத்து, விமானத்தில் எத்தனை உயிர்கள் என்று வினவுவார். இவ்வழைப்பில் 'நினைக்கிறேன்' என்பதற்கு இடமில்லை.