சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை!



தாமிரபரணி ஆறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தில் உள்ள கடற்கரை ஊர் புன்னக்காயல். 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வூர், அதன்பின் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. அங்கே ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். நாற்பது ஆண்டுகள் வள்ளத்தில் கடலுக்குப் போய்வந்த தாத்தா, தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கிறார். வானிலை அறிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. “என்ன சொல்லுதாவ? சத்தத்தைக் கூட்டு, பிள்ளை!” என்கிறார். பேத்தி கூட்டுகிறாள். மறுநாள் தேர்வுக்குப் படித்துக் கொண்டிருக்கும் பேரன் காதைப் பொத்திக் கொள்கிறான். தாத்தாவோ, “சத்தம் நல்லாத்தான் கேக்கு. சொல்லுதது என்னன்னுதான் வெளங்கல” என்கிறார்.

வீட்டார் என்ன செய்வார்கள்? அதிக வாட் கொண்ட பெரிய ஒலிபெருக்கி ஒன்றை வாங்கி வைப்பார்கள். சத்தம் கூடும், பேச்சு அப்போதும் விளங்காது. நாளடைவில் தாத்தா தொலைக்காட்சி பார்ப்பதையே விட்டுவிட்டு முற்றத்தில் தனியாக உட்காரத் தொடங்குவார். கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கையைக்கூட அடுத்தவர் சொல்லித்தான் அறிவார்.

பணம் செலவழித்தும் பயன் இல்லாமற் போனது ஏன்? விடை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

உயிரும் மெய்யும்

பாசம், பாதம், பாடம், பாகம் என்னும் நான்கு சொற்களையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். நான்கிலும் உயிரொலிகள் ஒன்றே. நடுவில் உள்ள ஒரே ஒரு மெய்தான் வேறுபடுகிறது. அதைக் கொண்டுதான் பொருளைப் பிரித்தறிகிறோம்.

உயிரொலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது, அவை வலிமையானவை. ஆனால் ச, த, ட, க போன்ற மெய்களைத் தனித்தனியாக அடையாளம் காட்டும் ஒலிக்கூறுகள் பெரும்பாலும் 1,500 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளன. ‘பாசம்’ என்னும் சொல்லில் வரும் ‘ச’வின் சீறும் ஒலி 4,000 ஹெர்ட்ஸையும் தாண்டும். இவை மிகவும் மெலிந்த ஒலிகள்.

மெய்க்கு உயிர் கொடுப்பது உயிரெழுத்து என்கிறது இலக்கணம். கேட்பவனுக்கோ சத்தத்தைத் தருவது உயிர். பொருளைத் தருவது மெய். தாத்தா சொன்னது முற்றிலும் சரி. அவருக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை!

காதுக்குள் நடந்தது என்ன?

நமது உட்செவியில் நத்தைக் கூடுபோல் சுருண்ட காக்ளியா என்னும் உறுப்பு உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி நுழையும் வாயிலருகே உள்ளவை உயர்ந்த அதிர்வெண்களையும், சுருளின் உச்சியில் உள்ளவை தாழ்ந்த அதிர்வெண்களையும் உணர்கின்றன. முதுமையிலும் பேரிரைச்சலிலும் முதலில் கெடுவன உயர் அதிர்வெண்களை உணரும் செல்களே. இரைச்சலால் வரும் குறை பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகே முதலில் தலைகாட்டும். கெட்ட செல்கள் மனிதரிடம் மீண்டும் முளைப்பதில்லை.

நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபல் என்பது காது தாங்கக்கூடிய எல்லையாகப் பரவலாகக் கொள்ளப்படுகிறது. ஓசை 3 டெசிபல் கூடும்போது ஒலி ஆற்றல் இரு மடங்காகும். எனவே தாங்கும் நேரம் பாதியாகும். 88 டெசிபலில் 4 மணி. 91 டெசிபலில் 2 மணி. சரியான ஓசையடக்கி இல்லாத டீசல் இயந்திரத்தின் பக்கத்தில் அமர்ந்து நெடுநேரம் வள்ளம் ஓட்டுபவரின் காது என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். இன்று கடலுக்குச் செல்லும் அண்ணன்மார் காதடைப்பான் அணிந்தால் இக்குறையைப் பெருமளவு தவிர்க்கலாம்.

இது ஓர் ஊரின் தொல்லையன்று. உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதேனும் ஓர் அளவில் கேட்கும் திறன் குறைந்துள்ளது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

சத்தத்தைக் கூட்டினால் போதாதா?

போதாது. காரணங்கள் மூன்று.

முதலாவது, ஒலியளவைக் கூட்டும்போது உயிரும் மெய்யும் சேர்ந்தே கூடுகின்றன. மெலிந்த மெய் காதுக்கு எட்டுமுன் உயிரொலி காதைத் துளைக்கத் தொடங்கிவிடும். செவிக்குறை உடையவருக்கு மெல்லிய ஓசை கேளாது. ஆனால் உரத்த ஓசை நம்மைப் போலவே அவரையும் வருத்தும். இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி அவருக்குக் குறுகிவிட்டது.

இரண்டாவது, பேச்சின் பின்னணியில் ஒலிக்கும் இசையும் அதே அளவுக்குக் கூடுகிறது.

மூன்றாவது, அறையின் எதிரொலி. சிமெண்டுச் சுவரிலும் தளக்கல்லிலும் ஒலி பட்டுத் திரும்புகிறது. ஓர் எழுத்தின் எதிரொலி அடுத்த எழுத்தின் மேல் விழுந்து அதை மூடுகிறது. சத்தம் கூடினால் எதிரொலியும் கூடும்.

ஆகவே நமக்குத் தேவை அதிகச் சத்தம் அன்று. பேச்சுக்கும் பிற ஓசைகளுக்கும் உள்ள வேறுபாடு கூட வேண்டும். மெய்யெழுத்துகள் சிதையாமல் காதை அடைய வேண்டும். கருவி எதுவானாலும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்க வேண்டும்.

காசில்லாத வைத்தியம்

திறந்த வெளியில் ஒலியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று படித்திருப்பீர்கள். பெட்டியிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருந்த நாற்காலியை 1 மீட்டர் தொலைவுக்குக் கொண்டு வாருங்கள். நேராக வரும் ஒலியின் செறிவு 16 மடங்காகிறது. அதாவது 12 டெசிபல் கூடுகிறது. எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மின்விசிறியின் இரைச்சலும் கூடவில்லை. பேரனின் படிப்பும் கெடவில்லை!

அடுத்து, பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 1975-இல் சென்னையில் தொலைக்காட்சி தொடங்கிய காலத்துப் படக்குழாய்ப் பெட்டிகளில் ஒலிபெருக்கி பெரும்பாலும் முன்புறத்திலோ பக்கவாட்டிலோ இருந்தது. இன்றைய தட்டைப் பெட்டிகள் பலவற்றில் அது கீழ்நோக்கியோ பின்நோக்கியோ உள்ளது. 200 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 1.7 மீட்டர், அது பெட்டியின் விளிம்பைச் சுற்றி எளிதில் வளைந்து வரும். 4,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8.5 சென்டிமீட்டர் மட்டுமே. அது அப்படி வளையாது. தாத்தாவுக்கு எது வேண்டுமோ அதுவே சுவருக்குப் போய்விடுகிறது.

பெட்டியின் ஒலி அமைப்புப் பட்டியலில் கனத்த ஒலியைக் குறைத்து, கீச்சொலியைச் சற்றுக் கூட்டுங்கள். சூழொலியை நிறுத்துங்கள். பேச்சைத் தெளிவாக்கும் அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள். சன்னல்களுக்குத் தடித்த திரையும் தரையில் பாயும் எதிரொலியைக் குறைக்கும்.

கடைக்குப் போகுமுன் மருத்துவர்

காதில் அழுக்கு அடைத்திருந்தாலும், நடுச்செவியில் கோளாறு இருந்தாலும் செவி மந்தமாகும். இவற்றில் பல, சிகிச்சையால் சரியாகக் கூடியவை. ஆகையால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காண வேண்டும். தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இப்பிரிவு உண்டு. அங்கே எடுக்கும் செவித்திறன் வரைபடம், எந்த அதிர்வெண்ணில் எத்தனை டெசிபல் குறை என்பதைக் காட்டும். ஒரு காது மட்டும் திடீரென்று கேளாமற் போனால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

எந்தக் கருவி யாருக்கு?

குறை சிறிதானால், முன்நோக்கிய ஒலிபெருக்கி ஒன்றைத் தாத்தாவின் நாற்காலி அருகே வைத்தாலே போதும். பெட்டிக்கு அடியில் வைக்கும் நீண்ட ஒலிப்பட்டை வாங்குவதானால், பேச்சுக்கென நடுவில் தனி ஒலிபெருக்கி உள்ளதா என்று கேளுங்கள். தரையை அதிரவைக்கும் தனிப்பெட்டி தாத்தாவுக்குத் தேவையில்லை.

குறை நடுத்தரமானால் காதணி ஒலிபெருக்கி, அதாவது ஹெட்போன், மிகவும் ஏற்றது. ஒலி பிறக்கும் இடம் காதருகே வந்துவிடுவதால் எதிரொலியும் மின்விசிறி இரைச்சலும் பெருமளவு தோற்றுப் போகின்றன. வலக் காதுக்கும் இடக் காதுக்கும் ஒலியைத் தனித்தனியே சரிசெய்யும் வசதி இருந்தால் நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சில பெட்டிகளில் கம்பியைச் செருகியவுடன் பெட்டியின் சொந்த ஒலி நின்றுவிடும். தாத்தா கேட்பார், வீட்டார் கேட்க முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்குமா என்று வாங்குமுன் பார்க்க வேண்டும்.

கம்பியில்லாதவை பலவகை. அகச்சிவப்புக் கதிரில் இயங்குவதற்கும் பெட்டிக்கும் இடையில் ஆள் வந்து நின்றால் ஒலி அறுபடலாம். வானொலி அலையில் இயங்குவது சுவரையும் கடந்து கேட்கும். புளூடூத் வகையில் வேறொரு சிக்கல் உண்டு. ஒலியைச் சுருக்கி அனுப்பி மீண்டும் விரிப்பதில் காலம் கழிகிறது. 4 மீட்டர் தொலைவைக் காற்றில் கடக்க ஒலிக்கு 12 மில்லி செகண்டு போதும். சாதாரண புளூடூத்திலோ 200 மில்லி செகண்டுகூடப் பிந்தலாம். ஒலி ஏறத்தாழ 125 மில்லி செகண்டு பிந்தினாலே பார்ப்பவர்கள் கண்டுகொள்வார்கள். செவி மந்தமானவர்கள் அறிந்தோ அறியாமலோ உதட்டசைவைப் பார்த்தும் பேச்சைப் புரிந்து கொள்கிறார்கள். உதடும் ஒலியும் பிரிந்தால் அந்தத் துணையும் போய்விடும். எனவே செய்தி வாசிப்பவரின் வாயைப் பார்த்தபடி சோதித்த பிறகே வாங்க வேண்டும்.

பாரடே தந்த உதவி

செவித்துணைக் கருவி அணிந்தவருக்கு இன்னொரு வழி உண்டு. 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே அது. தொலைக்காட்சியின் ஒலி மின்னோட்டத்தைப் பெருக்கி, அறையைச் சுற்றிய கம்பி வளையத்திலோ கழுத்தில் அணியும் வளையத்திலோ செலுத்துகிறோம். மாறுகின்ற மின்னோட்டம் மாறுகின்ற காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. செவித்துணைக் கருவிக்குள் ‘டெலிகாயில்’ என்னும் சிறு கம்பிச்சுருள் உள்ளது. அதில் அதே வடிவ மின்னழுத்தம் தூண்டப்பட்டு ஒலியாகிறது. கருவியின் ஒலிவாங்கியை அணைத்துவிட்டால் மின்விசிறியும் இல்லை, அலையோசையும் இல்லை, பேச்சு மட்டுமே! பிரிட்டனில் ஜோசப் போலியகாஃப் 1937-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். கருவிகள் சிலவற்றில் இந்தச் சுருள் இருப்பதில்லை. ஆதலால் செவித்துணைக் கருவி வாங்கும்போதே இதைக் கேட்டறிவது நல்லது.

2022-இல் அறிவிக்கப்பட்ட ‘ஆராகாஸ்ட்’ என்னும் புதிய புளூடூத் முறையில், ஒரே பெட்டியின் ஒலியைப் பலர் தத்தம் கருவிகளில் ஒரே நேரத்தில் பெறலாம். பெட்டி, செவிக்கருவி இரண்டுமே இதற்கு இசைந்தவையாக இருக்க வேண்டும்.

கண்ணும் கேட்கும்

குறை மிகுதியானால் திரையின் அடியில் ஓடும் எழுத்துகளே பெருந்துணை. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ் நூலை ஆக்கிய அண்டிரிக் அடிகளார், புன்னக்காயலில் வாழ்ந்து பணியாற்றியவர். அச்செழுத்தின் வரலாற்றில் இடம்பெற்ற அந்த ஊரில், காது கைவிட்டவருக்கு எழுத்து கைகொடுப்பது பொருத்தந்தானே! காது கேளாதோருக்காக நிகழ்ச்சிகளில் எழுத்துரையும் சைகைமொழியும் சேர்ப்பதற்கான தரநிலைகளை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019-இல் வெளியிட்டது. எழுத்துரை உள்ள நிகழ்ச்சிகளில் அதைப் போட்டுக் கொடுக்கத் தாத்தாவுக்குத் தெரியாமலிருக்கலாம், உங்களுக்குத் தெரியும்.

நீங்களே சோதியுங்கள்

முத்து, முட்டு, முக்கு, பாசம், பாதம், பாடம், பாகம், பாசி, பாதி, பாடி. இந்தப் பத்துச் சொற்களையும் வரிசை மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து விநாடி இடைவெளி விட்டு, கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். முகம் தெரியக் கூடாது. பதிவைப் பென்டிரைவ் வழியாகத் தொலைக்காட்சியில் ஒலிக்கச் செய்யுங்கள். தாத்தா கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்லட்டும். நீங்கள் மதிப்பெண் இடுங்கள்.

முதலில் வழக்கமான இடத்தில். அடுத்து 1 மீட்டர் தொலைவில். பிறகு மின்விசிறியை நிறுத்தி. இறுதியில் வாங்க எண்ணியுள்ள கருவியுடன். ஒவ்வொரு முறையும் சொற்களின் வரிசையை மாற்றுங்கள். ஒலியளவைக் காது கூசாத அளவிலேயே வைத்திருங்கள்.

கடைக்காரர் இருநூறு வாட், முந்நூறு வாட் என்று அடுக்குவார். நீங்கள் பத்துக்கு எத்தனை என்று மட்டும் பாருங்கள். பல்லாயிரம் ரூபாய்க் கருவி ஐந்து மதிப்பெண்ணும், நாற்காலியை நகர்த்திப் போட்டது எட்டு மதிப்பெண்ணும் பெற்றால், எதைத் தேர்ந்தெடுப்பது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.