புது மீட்டர் வேகமாக ஓடுகிறதா?

கரண்ட் பில் கட்ட உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வருபவர்களில் பலர் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "பழைய மீட்டரை மாத்துனதுலருந்து பில்லு ஏறிப்போச்சு." ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறது என்ற பேச்சும் சேர்ந்துகொண்டதால் மகபூப்பாளையம் முதல் மேலூர் வரை கவலை பரவியிருக்கிறது. விஷயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

பழைய மீட்டருக்குள் ஓர் அலுமினியத் தட்டு சுற்றும். வருடங்கள் போகப் போகத் தேய்மானத்தாலும் தூசியாலும் அது மெதுவாகும். டிவி ஸ்டாண்ட்பை, செல்போன் சார்ஜர் போன்ற சிறு சுமைகளுக்கு அசையவே அசையாது. எலக்ட்ரானிக் மீட்டர் அவற்றையும் கணக்கில் எடுக்கும். ஆகவே பல வீடுகளில் புது மீட்டர் வேகமாக ஓடுவதில்லை. பழையதுதான் இத்தனை நாள் பின்தங்கி ஓடியிருக்கிறது. அளவையில் மோசம் செய்வோரைக் கண்டித்து அல்முதஃப்பிஃபீன் என்று ஒரு சூராவே இருக்க, மீட்டரை மெதுவாக்கித் தருகிறேன் என்று வருபவரை வீட்டுக்குள் விடுவது நமக்கு அழகல்ல.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் வாட்டர் ஹீட்டரை மட்டும் போடுங்கள். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று இருந்தால், சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 53 முறை மின்ன வேண்டும். தட்டு மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 600 சுற்று என்றிருந்தால் நிமிடத்துக்கு 10 சுற்று. வோல்டேஜைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். பெரிய வித்தியாசம் தெரிந்தால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, மீட்டரைப் பரிசோதிக்கக் கேட்கலாம்.

ஆனால் நம் பகுதிகளில் நாம் அதிகம் பார்ப்பது வேறொரு கோளாறு. ஒரே காம்பவுண்டில் நாலைந்து வீடுகள், தனித்தனி மீட்டர்கள், ஆனால் யாரோ எப்போதோ செய்த வயரிங்கில் நியூட்ரல் மட்டும் ஒன்றாக இணைந்திருக்கும். பழைய மீட்டர் பேஸ் கம்பியை மட்டுமே அளந்ததால் இது தெரியாமலே இருந்தது. இப்போதைய மீட்டர்களில் பெரும்பாலானவை பேஸ், நியூட்ரல் இரண்டையும் பார்த்து, எதில் கரண்ட் அதிகமோ அதையே பதியும். திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. விளைவு, பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும்போது அதன் கரண்டில் ஒரு பங்கு உங்கள் நியூட்ரல் வழியாகத் திரும்பினால், அது உங்கள் கணக்கிலும் ஏறும். இத்தா இருக்கும் பெண் தனியாக ஒரு ஃபேன், ஒரு லைட்டோடு இருக்கிற வீட்டுக்குக் குடும்பம் நிறைந்த வீட்டின் பில் வருவது இப்படித்தான். மெயினைப் போட்டபடியே வீட்டுக்குள் எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளை உருவிவிட்டுப் பாருங்கள். அப்போதும் விளக்கு மின்னினால், மீட்டரைக் குறை சொல்வதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, இரு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழே உள்ள யூனிட்டுகளுக்கான சலுகையும் குறைகிறது. 480 காட்டிய வீடு 520 காட்டும்போது பில் குதிப்பது அதனால்தான்.

மீட்டர் மாற்ற வருகிற அன்று பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கையும் புதியதன் முதல் ரீடிங்கையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் நின்றுபோயிருந்தால், மாநில மின் வழங்கல் விதித்தொகுப்பின்படி முந்தைய நான்கு மாதங்களின் சராசரி போடப்படும். அந்த மாதங்களில் வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் வந்து ஏசி ஓடியிருந்தால், பயன்பாடு வேறாக இருந்தது என்று எழுத்தில் சொல்லுங்கள். விதியில் அதற்கு இடம் உண்டு.

ஸ்மார்ட் மீட்டர் என்பது ரீடிங்கைத் தானே அனுப்பும் மீட்டர். சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் மேல் பொருத்தப்பட்டன. மாநிலம் முழுவதற்குமான பெரிய டெண்டரை, விலை அதிகம் என்று 2024 இறுதியில் மின்வாரியம் ரத்து செய்ததால் பணி தள்ளிப்போனது. இலவச யூனிட் அரசு தரும் மானியம். மீட்டர் மாறுவதால் மட்டும் அது போய்விடாது. முன்பணம் கட்டும் முறை வந்தால் தினக்கூலிக் குடும்பங்கள் என்ன செய்யும் என்ற கேள்வி மட்டும் நமக்கும் இருக்கிறது.

"இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று வரும் குறுஞ்செய்திகளை நம்பாதீர்கள். மின்னகம் எண் 94987 94987. புகார் தீராவிட்டால் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தை நாடலாம்.

நியூட்ரலைப் பிரித்து வயரிங் செய்ய வசதியில்லாதவர்கள் மீட்டர் அட்டையுடன் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். மாதாமாதம் பில் கட்ட உதவுவதைவிட அந்த ஒருமுறைச் செலவை ஏற்பதே மேல் என்று முடிவு செய்திருக்கிறோம்.